கட்டம் யாருடையது

துணியில் வட்டமும் கட்டமும் கோடுமாக வரும் நவீன வடிவங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பிய ஓவியமே தாய்வீடு என்பது ஊன்றிப்போன கருத்து. கண்டின்ஸ்கி, மலேவிச், மொண்ட்ரியன் போன்றோர் உருவத்தை உதறிவிட்டு வெறும் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து வரைந்தார்கள். அது சுவரிலிருந்து இறங்கித் துணிக்கு வந்தது. ஆகவே துணி வடிவமைக்கக் கற்பவர் அந்த ஓவியங்களைப் பார்த்து, பிடித்த ஒன்றைத் தேர்ந்து, சேலைக்கோ திரைச்சீலைக்கோ தோதாக மாற்றிக்கொண்டால் போதும் என்று அந்தக் கருத்து போகிறது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளைப் பக்கம் வரும்போது அதற்கு ஒரு வாலும் முளைக்கிறது. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் தறி இல்லை, நெசவு மரபு இல்லை, எனவே அங்குள்ளவர்களுக்கு இதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டிய சரக்கு. அவர்கள் பங்குக்குத் தரக்கூடியது கொழுந்துக்கூடையும் ‘இரண்டு இலை ஒரு மொட்டும்’தான் என்பது அந்த வால்.

இந்தக் கருத்தின் தலையும் பிழை, வாலும் பிழை. தலை பிழை என்பதை ஐரோப்பாவின் ஆண்டுக்கணக்கே காட்டிக்கொடுக்கும். வாலின் பிழையைக் காண தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசல்வரை போக வேண்டும்.

சோனியா டெலோனே உக்ரேனில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர். 1911இல் கைக்குழந்தையாக இருந்த மகன் சார்ல்சுக்கு ஒரு போர்வை தைத்தார். பிறந்த நாட்டில் குடியானவர் வீடுகளில் கண்ட முறைப்படி, அகப்பட்ட துணித்துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த போர்வை அது. முடிந்தபோது அதில் பூவும் இல்லை, பறவையும் இல்லை. கோணல் நாற்கரங்களும் முக்கோணங்களும், கரிய துண்டுகளுக்கு நடுவே வெளிறிய துண்டுகளும்தான். அவரும் கணவர் ரொபேரும் நிறத்தை மட்டுமே பொருளாக்கி வரைந்த புகழ்பெற்ற படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. போர்வை இப்போது பாரிசில் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டின்ஸ்கியின் நீர்வண்ணப் படம் ஒன்றில் 1910 என்று எழுதியிருப்பதைக் காட்டி, அதுவே முதல் அரூப ஓவியம் என்பார்கள். அந்த ஆண்டு பின்னால் எழுதப்பட்டது, படம் 1913ஐ ஒட்டியது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். யார் முந்தினார்கள் என்ற பந்தயத்தில் பெரிய பயன் இல்லை. ஆனால் பந்தயம் நடத்துகிறவர்கள் போர்வையைப் போட்டியில் சேர்ப்பதே இல்லை என்பது கவனிக்கத் தக்கது.

மலேவிச்சின் கதை இன்னும் தெளிவானது. அவருடைய ‘கறுப்புச் சதுரம்’ 1915 டிசம்பரில் பெத்ரோகிராடில் ‘0,10’ என்ற கண்காட்சியில் தொங்கியது. அரூபக் கலையின் பிறந்தநாள் போலப் புத்தகங்கள் அதைக் கொண்டாடுகின்றன. அதற்கு முந்திய மாதம் மாஸ்கோவில் லெமெர்சியே கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. நத்தாலியா தவிதோவாவும் அலெக்சாந்திரா எக்ஸ்தெரும் முன்னின்று, உக்ரேனியக் கிராமங்களின் பூத்தையலை அங்கே வைத்தார்கள். வெர்போவ்கா என்ற கிராமத்துப் பெண்கள் தைத்தவற்றில் மலேவிச் கொடுத்த வடிவங்களும் இருந்தன: இரண்டு கழுத்துத் துணிகள், ஒரு தலையணை உறை. தைலவண்ணமாகச் சுவரேறுவதற்கு முன்பே அந்தச் சதுரங்களையும் பட்டைகளையும் ஊர் பார்த்தது நூல்தையலாகத்தான்.

சூரிச்சில் சோஃபி டொய்பர்-ஆர்ப் 1916 முதல் 1929 வரை தொழிற்கலைப் பள்ளியில் துணி வடிவமைப்புக் கற்பித்தார். நெடுக்கும் குறுக்குமாகக் கட்டங்களை அடுக்கிய அவருடைய அரூப வேலைகளில் பல, கண்விட்டு நெய்த துணியில் கண்ணுக்கு ஒரு தையலாகப் போட்டவை. அந்தத் துணியே ஒரு கட்டத்தாள். அதில் தைக்கிறவருக்கு நேர்கோடு கொள்கையாக வருவதில்லை, கையோடு வருகிறது. ஜெர்மனியின் பவுஹவுஸ் பள்ளியில் (1919–1933) சேர்ந்த பெண்களை நிர்வாகம் பெரும்பாலும் நெசவுக் கூடத்துக்கே அனுப்பியது. அன்னி ஆல்பர்ஸ் கண்ணாடி வேலை கேட்டுப்போய் நூலோடு திரும்பியவர். குண்டா ஷ்டொல்ட்ஸ்ல் தலைமையில் அந்தக் கூடம் பள்ளியின் மிக உருப்படியான கூடங்களில் ஒன்றாயிற்று. ஆல்பர்ஸ் பின்னாளில் அமெரிக்காவில் இருந்து 1965இல் நெசவு பற்றி எழுதிய பெருநூலைப் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுப் பண்டைய நெசவாளர்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் ஆசிரியர்கள் என்று அவர் சொன்னது அவர்களை. பவுஹவுஸில் கற்பித்த பால் கிளேயையோ கண்டின்ஸ்கியையோ அந்த இடத்தில் வைக்கவில்லை.

இதற்கு ஒரு மறுமொழி தயாராக இருக்கும். இவர்கள் எல்லாரும் கலைஞர்கள். துணி அவர்களுக்குக் கிடைத்த இன்னொரு தளம் மட்டுமே. நினைத்துச் செய்தது ஓவிய மூளை என்பார்கள். அப்படியானால் ஓவிய மூளை எட்டிப் பார்க்காத இடத்துத் துணியைப் பார்க்க வேண்டும்.

பதுளைக் கடைத்தெருவில் கட்டம்போட்ட சாரத்தைப் ‘பளையகட்’ என்று கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெயர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் அந்தத் துறைமுகத்தில் 1610இல் டச்சுக்காரர் காலூன்றினார்கள். கெல்டிரியா என்று ஒரு கோட்டையும் எழுப்பி, சோழமண்டலக் கரையின் துணியைக் கீழைத் தீவுகளுக்கெல்லாம் கப்பலேற்றினார்கள். துறைமுகம் தூர்ந்துபோன பிறகும் கட்டத்துணியின் பெயராக ஊர் பிழைத்திருக்கிறது. டச்சு ஓவியரான மொண்ட்ரியன் ‘டி ஸ்டைல்’ குழுவினரோடு சேர்ந்து நேர்கோட்டுக்கும் கட்டத்துக்கும் வந்தது 1917ஐ ஒட்டித்தான். அவர் பழவேற்காட்டுத் துணியைப் பார்த்து வரைந்தார் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதற்குச் சான்று எதுவும் கிடையாது. மூன்று நூற்றாண்டுக்கு முன்பே அவர் நாட்டுக் கப்பல்கள் சுமந்த சரக்கில் இருந்த ஒன்றை, அவர்தான் உலகுக்குக் கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் பொருந்தவில்லை. செட்டிநாட்டுக் கண்டாங்கியின் அகலக் கட்டங்களும் அப்படியே. அவற்றைப் பார்த்து ‘நவீனமாக இருக்கிறதே’ என்று வியப்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

கட்டம் ஏன் தறியில் பிறக்கிறது என்பதை ஒரு சாரத்தை விரித்து வைத்தே பார்த்துக்கொள்ளலாம். நெடுக ஓடும் இழை பாவு. குறுக்கே போகும் இழை ஊடை. பாவில் சிவப்பு, வெள்ளை, கருநீலம் என்று மூன்று நிறம் வரிசையாக வருகிறது. ஊடையிலும் அதே மூன்று. மூன்றும் மூன்றும் குறுக்கிட ஒன்பது சந்திப்பு. அவற்றில் சிவப்பு சிவப்பையும், வெள்ளை வெள்ளையையும், நீலம் நீலத்தையும் சந்திக்கும் மூன்று இடங்களில் மட்டும் நிறம் முழுதாக நிற்கும். மீதி ஆறில் இரண்டு நிறங்கள் கலந்து தெரியும். சிவப்புப் பாவின்மேல் வெள்ளை ஊடையும், வெள்ளைப் பாவின்மேல் சிவப்பு ஊடையும் சாதா நெசவில் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கலப்பு நிறம் மூன்று. ஆக, மூன்று சாயத்தில் ஆறு நிறம். துணியைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் இளஞ்சிவப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. சிவப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் மாறி மாறி இருக்கின்றன. கையை நீட்டிப் பிடித்தால் மறுபடி இளஞ்சிவப்பு. அருகருகே வைத்த நிறங்கள் கண்ணில் கலக்கும் என்பதை ஐரோப்பிய ஓவியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கோட்பாடாகவே பேசியது. கோட்பாட்டுக்கு அடிப்படை போட்டவர் செவ்ரல். கோபலின் நெசவாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர். கறுப்பு நூல் ஏன் மங்கித் தெரிகிறது என்ற முறைப்பாட்டை விசாரிக்கப் போய், பக்கத்து நிறம்தான் அதைக் கெடுக்கிறது என்று கண்டு, 1839இல் நூல் எழுதினார். டெலோனே தம்பதியர் அந்த நூலுக்குக் கடன்பட்டவர்கள். ஓவியத்தின் நிறக்கொள்கையைத் தோண்டிப் போனாலும் அடியில் நெசவாலைதான் வருகிறது.

ஓவியருக்கு நேர்கோடு என்பது ஒரு துறவு. முகத்தை, மரத்தை, மலையை எல்லாம் விட்டபிறகு எஞ்சுவது. நெய்கிறவருக்கோ அது முதல் படி. பாவு ஓட்டும்போது நிறத்தை மாற்றினால் கோடு தானாக விழும். ஊடையிலும் மாற்றினால் கட்டம் தானாக விழும். வளைவுக்குத்தான் பாடுபட வேண்டும். காஞ்சிபுரத்துச் சேலையில் ஒரு மயிலை இறக்க எத்தனை கயிறு, எத்தனை அட்டை, எத்தனை கூலி என்று கேட்டால் தெரியும். உருவம் எளிது, அரூபம் கடினம், அது படித்தவர்களுக்கானது என்ற எண்ணம் தூரிகையை மட்டுமே அறிந்தவர்களின் எண்ணம். தறியில் கணக்கு நேர்மாறு.

ஓவியத்திலிருந்து துணிக்கு எதுவுமே வரவில்லை என்று சொன்னால் அது அடம். அச்சுத்துணியில் வந்தது. ஓவியர் ரவுல் துஃபி 1912 முதல் லியோன் நகரப் பட்டு நிறுவனமான பியான்கினி-ஃபேரியேவுக்கு ஆண்டுக்கணக்காக வடிவம் வரைந்து கொடுத்தார். லண்டனில் 1913இல் தொடங்கிய ஒமேகா பட்டறையும் ஓவியர்களின் துணிகளை விற்றது. ஆனால் அச்சில்கூட, நின்று பிடித்தவர்கள் படத்தைச் சுருக்கித் துணியில் ஒட்டியவர்கள் இல்லை. மாஸ்கோவில் முதலாவது அரசு துணியச்சு ஆலை 1923ஐ ஒட்டி அழைத்தபோது, வர்வாரா ஸ்தெபானோவாவும் லியுபோவ் போபோவாவும் ஆலைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். சாயக்கூடத்திலும் உற்பத்தித் திட்டத்திலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு துணி எந்த உடையாகத் தைக்கப்படும் என்பது தெரியாமல் அதற்கு வடிவம் போடக் கூடாது என்று வாதிட்டார்கள். மலிவான பருத்தித்துணியில் ஓரிரு நிறம் மட்டும் கொண்டு, கவராயமும் அளவுகோலும் போட்ட வடிவங்கள் அவை. போபோவா 1924இல் இறந்தார். ஸ்தெபானோவா போட்ட நூற்றைம்பது வரையான வடிவங்களில் இரண்டு டசின் அளவே அச்சேறின.

அதற்குப் பின் நடந்தது ஊவாவுக்கு இன்னும் நெருக்கமானது. வட்டமும் கட்டமும் மக்களுக்குப் புரியாது, மக்கள் வாழ்க்கையைத் துணியில் காட்டு என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1920களின் இறுதியில் சோவியத் துணிகளில் டிராக்டர், ஆலைப் புகைபோக்கி, விமானம், மின்விளக்கு எல்லாம் ஏறின. பாட்டாளிக்குப் பாட்டாளியின் படம். 1933இல் ‘பிராவ்தா’ நாளேடே அதைக் கிண்டலடித்து எழுதும் நிலை வந்தது: முன்பக்கம் டிராக்டர், பின்பக்கம் அறுவடை இயந்திரம் என்று உடுத்திக்கொண்டு ஒருவர் எப்படி நடமாடுவது? வயலில் நாளெல்லாம் டிராக்டரோடு மாரடித்தவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் அதையே கேட்கவில்லை.

மலையகத்தின் பெயரில் செய்யப்படும் பெரும்பாலான துணிப்பொருள்களில் அந்த டிராக்டர் கொழுந்துக்கூடையாக உருமாறி உட்கார்ந்திருக்கிறது. தேநீர்த் துவாலையில் கூடை சுமந்த பெண், பையில் கூடை சுமந்த பெண், மேசைவிரிப்பின் நான்கு மூலையிலும் கூடை சுமந்த நான்கு பெண்கள். வாங்குவோர் சுற்றுலாப் பயணிகள். கொழுந்தெடுக்கும் ஒருத்தி தன் படத்தைத் தானே தோளில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்குப் போவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உருவம்தான் அவர்களுக்குப் புரியும் என்று சொல்லிச் செய்வது, அவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்வதாக முடிகிறது.

படத்தைத் துணியில் ஒட்டும் வழக்கத்துக்கு எப்போதும் முன்நிறுத்தப்படும் சாட்சி இவ் சான் லோரான் 1965 இலையுதிர்காலத்தில் காட்டிய ‘மொண்ட்ரியன்’ உடைகள். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் கதை மாறும். அவை அச்சிட்டவை இல்லை. ஒவ்வொரு நிறக் கட்டமும் தனித்தனியாக வெட்டிய கம்பளித்துணி. கறுப்புப் பட்டைகளின் ஓரத்தில் மூட்டுத்தையல்களை ஒளித்து, உடம்பின் வளைவுக்கு வேண்டிய சுருக்கத்தை அந்த மூட்டுகளுக்குள்ளேயே வாங்கியிருந்தார். வெளியே தெரிந்தது ஓவியம், தாங்கி நின்றது தையல்காரரின் வெட்டு. அதே படத்தை இன்று கணினி அச்சில் பொலியெஸ்டர் சேலையில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஓவியத்துக்கு ஒரு சட்டம் உண்டு, ஒரு நடு உண்டு. ஐந்தரை மீற்றர்ச் சேலைக்கு இரண்டும் இல்லை. கொசுவத்தில் பாதி மறையும். வெளியே நிற்பது கரையும் முந்தானையும். படத்தின் நடுவில் இருந்த சிவப்புக் கட்டம் இடுப்பு மடிப்புக்குள் போய்விடும்.

இலங்கையில் நவீனக் கலைக்கும் கைநெசவுக்குமான தொடர்பு எந்தத் திசையில் ஓடியது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணியில் மலைநாடெங்கும் திரிந்தவர். உடன் வந்த மனைவி எத்தல், கைவினைஞர்களின் வேலையைப் புகைப்படமெடுத்தார். பூத்தையலையும் நெசவையும் குறித்துக்கொண்டார். 1908இல் வந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் அந்த உழைப்பு இருக்கிறது. மணமுறிவுக்குப் பின் எத்தல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் ஊரில் நெசவுப் பட்டறை வைத்து, இயற்கைச் சாயம் பற்றி நூல் எழுதி, நவீன பிரித்தானியக் கைநெசவின் தாய் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். தறியில் கையை வைத்தது பிறகு. கண் பழகியது கண்டி மலைகளில். ‘இடைக்காலச் சிங்களக் கலை’ தோட்டங்களைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன், லயங்கள் நிறைந்த மலைகளில் நடந்து, லயத்துத் தமிழர் இல்லாத ஒரு கைவினை வரலாற்றை எழுதினார். பொருள் இடைக்காலம் என்பது காரணமாகலாம். அதன்பின் வந்தவர்களுக்கு அந்தக் காரணமும் இல்லை.

பார்பரா சன்சோனி (1928–2022) அடுத்த உதாரணம். லண்டனில் ஓவியம் படித்து வந்த அவரை, கத்தோலிக்க கன்னியர் மடம் ஒன்று தன் நெசவுக்கூடத்துப் பெண்களுக்கு வடிவம் போட்டுத் தரக் கேட்டது. அதிலிருந்து 1960களில் ‘பெயார்ஃபுட்’ நிறுவனம் வளர்ந்தது. அந்தத் துணிகளின் பட்டைகளையும் கட்டங்களையும் பார்த்து நவீன ஓவியம் கைத்தறிக்கு இறங்கிவிட்டது என்று எழுதுவது வாடிக்கை. அவர் செய்தது நூலின் நிறத்தைத் தேர்வதும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது எத்தனை இழை என்று தீர்மானிப்பதும். அது பளையகட் சாரத்தை நெய்தவரும் செய்த அதே வேலை. வேறுபட்டது நிறத்துணிவும் விற்பனைச் சந்தையும். இந்தியாவில் புபுல் ஜெயகர் முன்னின்று 1950களில் உருவாக்கிய நெசவாளர் சேவை மையங்களில் கே.ஜி.சுப்ரமணியன், பிரபாகர் பர்வே போன்ற ஓவியர்கள் பணியாற்றினார்கள். நெசவாளருக்கு ஓவியர் கற்பித்தார் என்பதே அதற்கும் வழக்கமான விளக்கம். இரு தரப்பும் கற்றது என்று சொன்னால் பாதி உண்மையாவது வரும்.

இனி வால். ஊவாத் தோட்டங்களில் நெசவு மரபு இல்லை என்பது தகவலாகச் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்களில் நெசவு அறிந்தவர்கள் இருந்தாலும் தறி போட இடம் எங்கே? லய அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைகள், விறகு. குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும்; தரை தோட்டத்துக்குச் சொந்தம். பாவு ஓட்ட நீண்ட இடம் வேண்டும். தமிழ்நாட்டு நெசவூர்களில் அதற்கென்றே பாவடி என்று தெருவை விட்டுவைப்பார்கள். இங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் நாளில் பொழுதும் இல்லை. தறி இல்லாததற்கு இவையே காரணம். இதைக் கலையுணர்வின் குறையாக எழுதுவது, காலைக் கட்டிவிட்டு நடக்கத் தெரியாது என்பதற்குச் சமம்.

துணி இல்லாத வாழ்க்கையாகவும் அது இருந்ததில்லை. தோட்டத்தார் வரலாற்றில் கம்பளிக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். குளிருக்கும் மழைக்கும் தோட்டம் கொடுத்த முரட்டுக் கம்பளி சும்மா வரவில்லை. அதன் விலை கணக்கில் ஏறிக் கடனாயிற்று. அந்தக் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றிய சீட்டின் பெயர் ‘துண்டு’. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. தோளில் போடும் துண்டுக்கும் ஆளைக் கட்டிவைத்த துண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்தது மொழியின் குறும்பு. கம்பளியை, பின்னாளில் சாக்கை, ஒரு மூலை உள்ளே போகும்படி மடித்துத் தலைமேல் கவிழ்த்தால் கொங்காணி. வெட்டில்லை, தையலில்லை, ஒரு நீள்சதுரம் ஒரே மடிப்பில் கூரையாகிறது.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் ஒருத்தியின் உடுப்பை மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். தலையில் கூடைக் கயிறு அழுத்தாமல் இருக்க நாலாய் மடித்த துண்டு. உடம்பில் வீட்டு ஆண் ஒருவரின் பழைய கோட்டுச் சட்டை. அதன் கீழ் பூப்போட்ட சேலை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஏற்றிச் செருகியது. அதன்மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு: பிரித்த உரப்பையின் வெள்ளைத் தகடு, நீலத்திலோ பச்சையிலோ அச்சான எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டுத் தலைகீழாக. கயிறு ஒரு கோடு, படங்கு ஒரு சதுரம், அதற்குள் பொருள் இழந்த எழுத்து. ரஷ்ய முன்னோடிகளின் சுவரொட்டிகளைப் பார்த்தவருக்கு இது புதிதாக இருக்காது. அவள் அதை அழகுக்காகக் கட்டவில்லை, செடி குத்தாமலும் நனையாமலும் இருக்கக் கட்டியிருக்கிறாள் என்பது உண்மை. ஸ்தெபானோவா வேலையுடைக்குச் சொன்ன இலக்கணமும் அதுதான்: வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதற்காகப் படங்கைக் கலை என்று தூக்கி அருங்காட்சியகத்தில் தொங்கவிட வேண்டியதில்லை. ஏழ்மையை அழகாகப் பார்த்து மகிழும் நோய் ஏற்கெனவே போதிய அளவு பரவியிருக்கிறது. கூடையைத் தவிர வேறெதுவும் அங்கே பார்ப்பதற்கில்லை என்ற முடிவைத்தான் படங்கு உடைக்கிறது.

நெசவென்று பெயர் சொல்லாமல் நடக்கும் நெசவும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைக் கழிவான வெட்டுத்துணி கட்டுக்கட்டாக விலைக்கு வரும். அதை விரலகல நாடாக்களாகக் கிழித்து, ஆணி அடித்த மரச்சட்டத்தில் நெடுக்கும் குறுக்கும் கோத்துக் கால்மிதி பின்னுவது இலங்கை வீடுகளில் எங்கும் காணும் வேலை. லயத்து வாசல்களிலும் அது கிடக்கும். துணிக்கட்டுக்குள் எந்த நிறம் வருகிறது என்பது பின்னுகிறவர் கையில் இல்லை. ஒரு முறை கறுப்பும் சாம்பலும், இன்னொரு முறை யாரோ ஒரு வெளிநாட்டுக் கடைக்குத் தைத்த உள்ளாடையின் ஊதாவும் செம்மஞ்சளும். கையில் அகப்பட்டதை வைத்து எது நடுவில், எது ஓரம், எங்கே ஒரு வரி வெள்ளை என்று முடிவெடுப்பதுதான் வேலை. 1911இல் பாரிசில் ஒரு தாய் துணித்துண்டுகளோடு உட்கார்ந்து எடுத்த முடிவுகள் இதே வகையானவை. ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, மற்றது சேறு துடைக்கிறது.

மலையையும் பார்க்க வேண்டும். ஆனால் இயற்கைக் காட்சியாக இல்லை. ஹப்புத்தளையிலிருந்தோ நமுனுகுலைப் பக்கமிருந்தோ கீழே பார்த்தால் தெரியும் பச்சைத் திட்டுகளை இயற்கை நெய்த கம்பளம் என்று எழுதாதவர் அரிது. அதில் இயற்கை நெய்தது குறைவு. செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பு. துளிர் விட்ட மலை இளம்பச்சை. எடுத்து முடித்த மலை கரும்பச்சை. எந்த நம்பர் மலைக்கு எந்த ஆண்டு கவ்வாத்து என்ற சுற்றுக் கணக்குதான் அந்தத் திட்டுகளின் எல்லைக்கோடு. செடிகளின் மேல் கம்பை வைத்து மட்டம் பார்த்து எடுப்பதால்தான் அவை பாய்போல் தெரிகின்றன. கான்கள் வெட்டியது, நிரை பிடித்தது, நடைபாதை விட்டது எல்லாம் கை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் ஊவாப் பருவத்தில் நிறம் மறுபடி மாறும். இங்கிருந்து ஒரு துணி வடிவம் எடுக்க நினைப்பவர் மலையின் புகைப்படத்தை அச்சிட வேண்டியதில்லை. நிறங்களின் விகிதத்தையும் அவை மாறும் வரிசையையும் எடுத்தால் போதும். இரண்டும் இழைக் கணக்காகவே மாறிவிடும்.

தேயிலையில் மதிப்புக் கூட்டுவதை ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் ஊர் பதுளை. அங்கே ஒரு துணி வடிவமைப்புப் பயிற்சி எப்படித் தொடங்கலாம் என்பது இதிலிருந்து தெளிவாகும். முதல் நாள் கண்டின்ஸ்கியின் படத்தைத் திரையில் போடுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் வேண்டியது ஒரு அட்டைத்துண்டும் சில நிற நூலும். நூலை அட்டையில் நெருக்கமாகச் சுற்றி, எட்டு இழை கரும்பச்சை, இரண்டு இழை பழுப்பு, ஒரு இழை வெள்ளை என்று வரிசை கட்டுவது நெசவு வடிவமைப்பாளர்கள் எங்கும் செய்யும் பழைய முறை. தறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வரையத் தெரிய வேண்டாம். ஒரே மூன்று நூலை விகிதம் மாற்றி மாற்றிச் சுற்றினாலே ஒரு கிழமை போய்விடும். அடுத்தது கால்மிதிச் சட்டம். பாவும் ஊடையும் கலப்பது அங்கே கைக்குப் புரியும். அதன்பின் ஒரு சாரத்தை இழை இழையாக எண்ணித் தாளில் எழுதுவது. வடிவம் ஓரத்தில் முடியாமல் அடுத்த வடிவத்தோடு எப்படிச் சேர்கிறது, தைத்த மூட்டில் கட்டம் கட்டத்தோடு பொருந்துகிறதா, கொசுவத்தில் எது மறைகிறது என்பவை எல்லாம் அதிலிருந்தே வரும். இவ்வளவும் ஆன பிறகு டெலோனேயின் போர்வையையும் டொய்பர்-ஆர்ப்பின் தையலையும் காட்டினால், பார்க்கிறவர் அவற்றை அடுத்த வீட்டுக்காரரின் வேலையைப் பார்ப்பதுபோலக் குறைநிறை சொல்லிப் பார்ப்பார்.

இப்படிச் செய்த துணி விலைபோகுமா என்ற கேள்வி நியாயமானது. கட்டத்துணிக்கு நானூறு ஆண்டாகச் சந்தை இருந்துகொண்டிருக்கிறது என்பதே அதற்குப் பதில். பெயர்ச்சீட்டில் யார் பெயர் போடுவது என்பதுதான் சிக்கலான கேள்வி. வடிவத்துக்குக் கொழும்பில் ஒரு பெயர், வேலைக்கு மலையில் பெயரில்லாத ‘பெண்கள் குழு’ என்று பிரிப்பது வழக்கமாகிவிட்டது. வெர்போவ்காவிலும் அப்படித்தான் நடந்தது. மலேவிச்சின் கழுத்துத் துணிகளும் தலையணை உறையும் இன்று இல்லை. கண்காட்சியின் சில பழைய புகைப்படங்களில் மட்டும் அந்தத் துணிகள் தெரிகின்றன. வடிவம் கொடுத்தவர்களின் பெயர்கள் கலை வரலாற்றில் ஏறிவிட்டன. தைத்த பெண்களின் பெயர்கள் ஏறவில்லை.